மாடியில் குடியிருக்கும் பையன்கள் வளர்ப்பது கஞ்சாச் செடி போல இருக்கிறது, வீட்டுக்காரர் மேல் வழக்கு வருமா?

லாஸ்பேட்டை மகன்

வணக்கம். கொஞ்சம் அவசரம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீடு. கீழே அம்மா தனியாக இருக்கிறார், நான் சென்னையில் வேலை. மாடி போர்ஷனை எட்டு மாதம் முன்னால் புரோக்கர் மூலம் வந்த இரண்டு பையன்களுக்கு விட்டோம். 11 மாத ஒப்பந்தம், பத்திரத்தில் எழுதியதுதான், பதிவு எல்லாம் இல்லை. வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மொட்டை மாடி இரண்டு வீட்டுக்கும் பொது.

போன ஞாயிறு அம்மா வடகம் பிழிய மேலே போயிருக்கிறார். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் பச்சை வலை கட்டி, உள்ளே ஏழு பைகளில் செடி, இடுப்பு உயரம். புளிச்சகீரை என்று நினைத்து ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டிருக்கிறார். புளிப்பே இல்லை, என்னவோ பச்சை நாற்றம் என்று போனில் சொன்னார். எனக்குப் பகீர் என்றது. போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொரு கொடுமை. பொங்கலுக்குப் பையன்கள் ஊருக்குப் போனபோது "ஆன்ட்டி, செடி வாடிடும், கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போக, மூன்று நாள் அம்மாதான் குடத்தில் தூக்கிக்கொண்டு போய் ஊற்றியிருக்கிறார். 64 வயது, மூட்டு வலி வேறு. ஊரில் மாமா சொல்வது, "போட்டோவை அழிச்சிடு, செடியை ராத்திரியோடு பிடுங்கிப் போட்டுட்டு, அட்வான்ஸைக் கையில கொடுத்து அனுப்பிடு". அப்படிச் செய்யலாமா? போலீஸுக்குப் போனால் முதல் ஆளாக அம்மாவை உட்கார வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

கெடிலக்கரை

முதலில் அது அதுதானா என்று ஒருமுறை பாருங்கள் தம்பி. புளிச்சகீரை, மரவள்ளி இரண்டையும் பார்த்துப் பதறியவர்கள் எங்கள் கடலூர்ப் பக்கம் உண்டு. புளிச்சகீரை இலை விரல் விரலாகப் பிரிந்தாலும் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரே இலையாக இருக்கும், பூ வெண்டைப் பூ மாதிரி, நடுவில் கருஞ்சிவப்பு. கஞ்சாவில் ஒவ்வொரு விரலும் தனித்தனி இலை, ஐந்து, ஏழு என்று காம்பின் நுனியில் வந்து சேரும், ஓரம் முழுக்க ரம்பப் பல். தொட்டால் பிசுபிசுப்பு, மணமும் தூக்கும். அம்மாவிடம் இனி எதையும் வாயில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், சாமி!

நைட்டு டூட்டி

மாமா சொல்வதுதான் சரி. நல்லது செய்யப் போய் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், பையன்களை மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லுங்கள், முடிந்தது. அதுவும் இது புதுச்சேரி, இங்கே சட்டம் கொஞ்சம் தளர்வுதானே.

வாய்தா வக்கீல்

மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. புதுச்சேரியில் மலிவு சரக்கு மட்டும்தான். போதைப்பொருள் சட்டம் 1985 மத்தியச் சட்டம், முள்ளோடை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. கஞ்சாச் செடி பயிரிட்டால் 20(அ) பிரிவில் பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஒரு கிலோ, இருபது கிலோ என்று அளவு பார்த்துத் தண்டனை பேசுவதெல்லாம் பறித்த சரக்குக்கு. செடி வளர்ப்பில் ஒன்றா ஏழா என்று சட்டம் எண்ணுவதில்லை. "இன்னும் பூவே வரலை, வெறும் இலைதானே" என்பதும் செல்லாது. கஞ்சா என்ற பொருளுக்குத்தான் பூக்கும் நுனி வேண்டும், பயிரிடும் குற்றத்துக்குச் செடி அந்த இனமாக இருந்தாலே போதும்.

இனி வீட்டுக்காரர் விஷயம். பிரிவு 25. வீடு, அறை, இடம், வண்டி எதற்கானாலும் சொந்தக்காரரோ அதைக் கையில் வைத்திருப்பவரோ, இந்தச் சட்டப்படி குற்றம் செய்ய அதை "தெரிந்தே" அனுமதித்தால், குற்றம் செய்தவனுக்கு உள்ள அதே தண்டனை. எல்லாம் அந்தத் "தெரிந்தே" என்ற சொல்லில்தான் தொங்குகிறது. இந்தச் சட்டத்தில் குற்ற மனநிலை இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று பிரிவு 35 இருக்கிறது, அதைக் காட்டித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஆனால் போலா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொன்னது, லாரியின் பங்குதாரர் என்பதாலேயே ஒருவர் 25-இல் மாட்ட மாட்டார், அவருக்குத் தெரியும் என்பதற்கு அரசுத் தரப்பு முதலில் ஏதாவது காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் அனுமானம் என்று.

அப்படியானால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. இப்போது தெரியும், உங்களுக்கும் தெரியும். இனி ஒவ்வொரு நாள் சும்மா இருப்பதும் "அனுமதி" பக்கம் சாய்கிறது. நிலமாக இருந்தால் பிரிவு 46 வேறு உண்டு, தன் நிலத்தில் செடி இருப்பது தெரிந்தால் உடனே தகவல் கொடுத்தாக வேண்டும், தெரிந்தே விட்டால் அதுவே குற்றம்.

தண்ணீர் ஊற்றியது பற்றி. அலக் ராம் என்று 2004-இல் ஒரு தீர்ப்பு, செடி ஒருவர் இடத்தில் நின்றால் மட்டும் போதாது, அவர் பயிரிட்டார் என்று காட்ட வேண்டும், விதை விழுந்து தானாக முளைத்து யாரும் தண்ணீர் விட்டுப் பராமரிக்காமல் நிற்கிற செடிக்குக் குற்றமில்லை என்று சொன்னது. அதைப் படித்துவிட்டு, ஐயோ அம்மா தண்ணீர் ஊற்றினாரே என்று கலங்காதீர்கள். பை, வலை, எரு எல்லாம் பையன்களுடையது. புளிச்சகீரை என்று நம்பி மென்று பார்த்தவர் அவர், அறிந்து வளர்ப்பவர் அதைச் செய்வாரா? ஆனால் இதை அவர் வாயால், முதல் நாளே, எழுத்தில் சொல்ல வேண்டும். விசாரணையில் அந்தப் பையன்கள் "ஆன்ட்டிதான் தண்ணி விட்டாங்க" என்று சொன்ன பிறகு சொன்னால் எடுபடாது.

பிடுங்காதீர்கள். செடி கையில் இருக்கும்போது வைத்திருந்தவர் நீங்கள், குப்பையில் போட்டால் தடயத்தை அழித்தவர் நீங்கள், பாரதிய நியாய சன்ஹிதா 238. போட்டோவையும் அழிக்க வேண்டாம். என்றைக்குத் தெரிந்தது என்பதற்கு உங்கள் கையில் உள்ள ஒரே சாட்சி அதுதான்.

முந்திரித்தோப்பு

வக்கீல் சார் சொன்னதற்கு என் சொந்தக் கதை. பண்ருட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர், முந்திரிக்கு நடுவில் காலி இடத்தைப் பக்கத்து ஊர்க்காரருக்கு வாய்வார்த்தைக் குத்தகைக்கு விட்டிருந்தேன். உளுந்து போடுகிறேன் என்றார், வருடத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்ப்பேன், அதுவும் பலா சீசனில். ஒருநாள் காலை வாசலில் ஜீப். உளுந்துக்கு நடுவே பதினைந்து இருபது செடி நின்றிருக்கிறது. பட்டா என் பெயரில், அதனால் முதலில் என்னிடம்தான் வந்தார்கள். குத்தகை என்றேன், எங்கே பத்திரம் என்றார்கள். இல்லை. பணம் வாங்கிய ரசீது? கையில் வாங்கியது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது அடங்கல். கிராம நிர்வாக அலுவலர் அதில் சாகுபடி செய்பவர் பெயரைக் குத்தகைக்காரர் பெயராகவே எழுதி வைத்திருந்தார், நான் சொல்லாமலே. அப்புறம் என்னைச் சாட்சியாக மாற்றினார்கள், ஆனாலும் வாய்தாவுக்கு அலைந்த அலைச்சல் இருக்கிறதே, ஒரு வருட முந்திரிக் காசு போயிற்று. இப்போது வெள்ளைத்தாளில் எழுதாமல் ஒரு பாத்திகூட யாருக்கும் விடுவதில்லை.

லாஸ்பேட்டை மகன்

நன்றி சார், நன்றி அண்ணே. வீட்டையே பறிமுதல் செய்வார்கள் என்று மாமா சொல்கிறார், உண்மையா? அப்புறம், ஊருக்குப் போனதும் மாடிக்குத் தண்ணீர், கரண்டை நிறுத்தி அவர்களை வெளியேற்றலாமா?

வாய்தா வக்கீல்

வீடு போகாது. பிரிவு 60 செடி, பை, பாத்திரம், வண்டி என்று பேசுகிறது. போதைப் பணத்தில் வாங்கிய சொத்தைப் பறிக்கிற அத்தியாயம் வேறு, அது உங்கள் அப்பா கட்டிய வீட்டுக்குப் பொருந்தாது. மாமாவைக் கொஞ்சம் காபி குடிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர், கரண்டில் கை வைக்காதீர்கள். தப்பு அவர்கள் பக்கம் இருக்கும்போது நீங்கள் ஏன் ஒரு வழக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்? காலி செய்ய வைப்பதற்குப் புதுச்சேரியில் 1969-ஆம் வருட வாடகைச் சட்டம் இருக்கிறது, அதன் வழியே போகலாம். (கடலூரில் வீடு உள்ளவர்களுக்கு: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும், வீட்டுக்குள் பார்க்கப் போவதானாலும் 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும்.) உங்கள் விஷயத்தில் மொட்டை மாடி பொது என்பது நல்லது, அம்மா அத்துமீறி நுழைந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் "மொட்டை மாடி இருவருக்கும் பொது" என்று இருக்கிறதா, பாருங்கள்.

இன்றைக்கே பஸ் ஏறுங்கள். தெரிந்த வக்கீல் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு அம்மா கையெழுத்தில் புகார், இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரை வாங்குங்கள். வாங்கத் தயங்கினால் அதையே மேலதிகாரிக்கு ஸ்பீட் போஸ்டில். 1933 என்று மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் இலவச எண் இருக்கிறது, பெயர் சொல்லாமலும் பேசலாம். ஆனால் உங்களுக்குப் பெயரோடு எழுதிக் கொடுப்பதுதான் கவசம். புகார் கொடுக்கும்வரை பையன்களிடம் மூச்சு விட வேண்டாம்.

நைட்டு டூட்டி

சரி சார், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பிடுங்கினால் நம் தலையில் விழும் என்பது யோசிக்கவே இல்லை.

லாஸ்பேட்டை மகன்

நேற்று கொடுத்துவிட்டோம். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். தண்ணீர் ஊற்றியது, இலையை மென்றது எல்லாம் அம்மாவே சொல்லி எழுதினார்கள், எழுதியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் வந்து மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதும் பறிமுதல் குறிப்பு) போட்டுச் செடியை எடுத்துப் போனார்கள், ஒரு பையன் சிக்கினான், இன்னொருவன் ஊரில் இருக்கிறானாம். வந்தவர்கள் வடகத்தைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தார்கள், அம்மா ஓரமாக நின்று "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு கேள்வி மிச்சம். முப்பதாயிரம் அட்வான்ஸ் எங்களிடம் இருக்கிறது. பையனின் அப்பா போன் செய்து கேட்கிறார். கொடுக்கலாமா?

வாய்தா வக்கீல்

கையில் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பையனே எழுதிக் கொடுத்துச் சாவி உங்கள் கைக்கு வந்த பிறகு, அவன் வங்கிக் கணக்கில் போடுங்கள். அதுவரை அறைப் பூட்டைத் தொட வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.