மறுமொழி: 'நட்ஜ்' என்பதற்குத் தமிழ் – 'சிறுதூண்டல்' சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

> 'டிஜிட்டல் நட்ஜ்' என்பதற்கு 'எண்ணிம நினைவூட்டல்' போதாதா?

இழையில் வந்த இந்தக் கேள்விக்கு என் பதில்: போதாது என்றே நினைக்கிறேன். 'நட்ஜ்' (nudge) என்றால், கட்டாயப்படுத்தாமல் சூழலைச் சற்றே மாற்றி ஒருவரை நல்ல தெரிவின் பக்கம் மெல்ல நகர்த்துவது. அது கைபேசி, செயலி வழியாக நடந்தால் 'டிஜிட்டல் நட்ஜ்'. கொழும்பில் முன்பள்ளிப் பெற்றோரின் கைபேசிக்குப் போகும் நலச் செய்திகளைத் தமிழில் எழுதுவது என் வேலை. அதனால் இந்தச் சொல் எனக்கு அன்றாடம் தேவை. தடுப்பூசி போடும் திகதியைச் சொன்னால் அது நினைவூட்டல்தான், சரி. ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாதபடி காணொளிச் செயலியை அமைத்து வைத்தால்? அங்கே யாரும் யாருக்கும் எதையும் நினைவூட்டவில்லை. ஆனாலும் பிள்ளை போனை வைத்துவிட்டு எழும்புவது சுலபமாகிறது.

பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டைனும் 2008-இல் இந்தக் கருத்தைப் பரவலாக்கியபோது வைத்த நிபந்தனையைப் பாருங்கள். எதையும் தடைசெய்யக் கூடாது. பணத்தாலோ பரிசாலோ பெரிதாக ஆசை காட்டக் கூடாது. தெரிவு நடக்கிற சூழலை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஆகவே, பல் துலக்கியதும் பரிசு கொடுத்தால் அது 'ஊக்குவிப்பு'. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம்.

இலங்கையில் எல்லோரும் பார்த்திருக்கும் எடுத்துக்காட்டு மென்பானப் போத்தலில் இருக்கும் நிறக்குறி. 2016-இல் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. அந்த நிறம் விலையைக் கூட்டுவதில்லை, விற்பனையையும் நிறுத்துவதில்லை. கடையில் பிள்ளை கைநீட்டும்போது அம்மாவின் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். நாம் தேடும் சொல் இதற்கும் பொருந்த வேண்டும், செயலிக்கும் பொருந்த வேண்டும்.

இந்த இழையில் மதுரை நண்பர் சொன்ன 'தூண்டல்' எனக்கு மிகவும் பிடித்தது. விளக்குத் திரியைச் சற்றே முன்னுக்குத் தள்ளுவதைத்தான் நாம் தூண்டுவது என்கிறோம். திரியும் எண்ணெயும் ஏற்கெனவே விளக்கில் இருக்கின்றன. நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் பெற்றோரிடமும் அப்படித்தான் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். எங்கள் விஞ்ஞானப் பாடநூலில் தூண்டல் (உடல் உணரும் மாற்றம்), துலங்கல் (அதற்கு உடல் காட்டும் பதில்) என்று ஒரு சோடி உண்டு. பௌதிகத்தில் மின்காந்தத் தூண்டலும் இருக்கிறது. தனியே 'தூண்டல்' என்று எழுதினால் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவருக்கு முதலில் நரம்புதான் ஞாபகம் வரும். அதற்கு ஓர் அடைமொழி வேண்டும்.

'மென்தூண்டல்' அழகாக இருக்கிறது. ஆனால் புணர்ச்சி பார்ப்பவர்கள் அதை 'மென்றூண்டல்' ஆக்கிவிடுவார்கள். பிள்ளைக்குச் சோறூட்டுவது பற்றிய செய்தியில் 'மென்று' என்று ஒரு சொல் வந்தால், வாசிக்கிற தாய் கட்டாயம் தடுமாறுவாள். 'சாடை' என்றொரு சொல்லையும் யோசித்தேன். சாடையான காய்ச்சல் என்றால் இங்கே இலேசான காய்ச்சல். குறிப்புக் காட்டுவது என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் சாடை பேசுவது என்றால் குத்திப் பேசுவதல்லவா? இரண்டு கரையிலும் ஒன்றுபோல் கேட்காத சொல் கலைச்சொல்லாக நிலைக்காது.

ஆகவே என் பரிந்துரை 'சிறுதூண்டல்'. உச்சரிக்க எளிது, புணர்ச்சிச் சிக்கலும் இல்லை.

இன்னொரு விஷயத்தை இதைவிட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இழையில் வந்த 'சிறுவர் எண்ணிமத் தூண்டல்' என்ற தொடரைத் தயவுசெய்து கைவிடுவோம். அதை வாசித்தால் பிள்ளையின் முகத்துக்கு நேரே திரையைப் பிடிப்பது போலிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டலின்படி 2 வயது ஆகும்வரை பிள்ளைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அப்படியானால் கைபேசி பேச வேண்டியது அம்மாவிடம், அப்பாவிடம், பகலில் பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மாவிடம். கொழும்பின் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் 'போன் காட்டினால்தான் சாப்பிடுது' என்று சொல்லும் தாய்மார் எத்தனையோ பேர். அவர்களுக்கு நான் எழுத விரும்பும் செய்தி இப்படி இருக்கும்: 'இன்று இரவுச் சாப்பாட்டுக்குமுன் போனை அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள். புட்டைப் பிள்ளையே கையால் எடுத்துச் சாப்பிடட்டும்.' இதில் தூண்டப்படுவது பிள்ளை அல்ல. எனவே இவ்வகைச் செய்திகளைப் 'பெற்றோர் சிறுதூண்டல்' என்றே அழைப்போம். அது கைபேசி வழி வருகிறது என்று குறிப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் 'எண்ணிம' சேர்த்தால் போதும்.

வினைவடிவம்தான் இன்னும் தீரவில்லை. 'சிறுதூண்டு' ஒட்டவில்லை, 'சிறுதூண்டல் செய்' நீள்கிறது. பெயர்ச்சொல்லாக மட்டும் வைத்துக்கொண்டு, வினைக்கு 'மெல்லத் தூண்டு' என்று எழுதலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து