மேலத்தெரு வீடு: வெள்ளிக்கிழமை வளைகாப்பு

மீனா: எல்லாருக்கும் வணக்கம். வெள்ளி காலை 9 மணிக்கே மனையில் உட்கார வைத்துவிட வேண்டும். 10.30-க்கு ராகுகாலம். வளையல் 12 டஜன் வாங்கியாயிற்று. கலவை சாதம் ஐந்து வகை. பித்தளை அண்டா யாரிடம் இருக்கிறது?

ருக்மணி: அண்டா என்னிடம் இல்லை.

பாலு: யாரும் உங்களைச் சொல்லவில்லையே அத்தை

ருக்மணி: முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

மீனா: இன்னொன்று. பெரிய அத்தான் தப்பாக நினைக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். பிரியாவுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை மட்டும் கூடத்தில் சிகரெட் வேண்டாமே. மாடியில் வைத்துக்கொண்டால் நல்லது.

செந்தில்: வெள்ளிக்கிழமை மட்டுமா?

முருகேசன்: செந்தில், உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

செந்தில்: 30 வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் சித்தப்பா

ராஜாமணி: [பலமுறை அனுப்பப்பட்டது] மறைக்கப்படும் உண்மை!! கணவன் புகைத்தால் மனைவிக்கு ஒன்றும் ஆகாது. அமெரிக்காவில் 1,18,094 பேரை 39 ஆண்டுகள் ஆராய்ந்த முடிவு. பிரபல பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அனைவருக்கும் பகிரவும்.

ராஜாமணி: படித்தவர்கள் படித்துப் பார்க்கவும்.

பாலு: தேன்மொழி மதினி, ஓடி வாங்க

தேன்மொழி: வகுப்பில் இருக்கிறேன். 12.40-க்கு வருகிறேன்.

பாலு: போச்சு

ருக்மணி: அண்டா பாலு காதுகுத்துக்கு எடுத்துப் போனது. அதற்கப்புறம் நான் கண்ணால் பார்க்கவில்லை.

மீனா: காதுகுத்து முடிந்து கழுவிக் கவிழ்த்து, உங்கள் வண்டியில்தான் ஏற்றினோம் மதினி.

ருக்மணி: அது தவலை.

தேன்மொழி: பெரிய மாமா, இந்தக் கட்டுரை கட்டுக்கதை இல்லை. 2003 மே மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்ததுதான். எழுதியவர்கள் என்ஸ்ட்ராம், கபாட் என்று இரண்டு பேர். கலிஃபோர்னியாக்காரர்களின் கணக்கு. ஆனால் 1,18,094 என்பது மொத்தத் தலை. தான் ஒருநாளும் புகைக்காமல், துணை புகைத்தாரா இல்லையா என்ற விவரமும் தெரிந்தவர்கள் 35,561 பேர்தான்.

தேன்மொழி: ஃபார்வர்டில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. கடைசிக் கட்ட ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ‘உள்ளரங்கக் காற்று ஆய்வு மையம்’. பெயரைக் கேட்டால் ஏசி கம்பெனி மாதிரி இருக்கும். 1988-ல் அதை ஆரம்பித்தது ஃபிலிப் மாரிஸ், ஆர்.ஜே. ரெனால்ட்ஸ், லோரிலார்ட். மூன்றும் சிகரெட் கம்பெனி. 1998-ல் அமெரிக்க மாநிலங்களோடு போட்ட ஒப்பந்தத்தில்தான் அதை மூட வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கட்டுரையின் அடியில் எழுதியவர்களே போட்டிருக்கிறார்கள். ஃபார்வர்ட் தயாரித்தவர் அதை வெட்டிவிட்டார்.

ராஜாமணி: பணம் யார் கொடுத்தால் என்ன. கணக்கு கணக்குத்தானே. நானும் லாரி ஷெட்டில் 31 வருஷம் கணக்கு எழுதியவன்.

முருகேசன்: அண்ணன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது

மீனா: நீங்கள் சும்மா இருங்கள்

தேன்மொழி: நியாயமான கேள்விதான் மாமா. ஓட்டை கணக்கிலேயே இருக்கிறது. இவர்களெல்லாம் 1959-ல் பெயர் கொடுத்தவர்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஆபீஸ், பஸ், ஓட்டல், விமானம் என்று எங்கே போனாலும் புகை. கணவன் புகைக்காத வீட்டு அம்மாளும் வெளியே போய் அடுத்தவர் புகையைச் சுவாசித்துவிட்டுத்தான் வந்திருப்பாள். நனைந்தவர்களை இரண்டு வரிசையாக நிறுத்திவைத்து, ‘பார், மழையால் ஒரு வித்தியாசமும் இல்லை’ என்றால் ஒப்புக்கொள்வீர்களா? அந்தப் பெயர்ப் பட்டியல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் சேகரித்தது. இந்தக் கேள்விக்கு இது உதவாது என்று சங்கமே சொன்னது.

பாலு: நம் வீடு மாதிரி. புகை படாதவர் என்று யார் பெயரை எழுதுவது

பிரியா: என் பெயரை எழுது. ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷத்துக்கு மட்டும்

மீனா: பிரியா, நீ போனை வைத்துவிட்டுப் படு.

முருகேசன்: ஒரு யோசனை. கூடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிடலாம். எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். எல்லாம் சேர்த்து 2,200. யார் மனசும் நோகாது.

தேன்மொழி: சின்ன மாமா, இதுவும் கம்பெனிகள் விற்ற சரக்குதான். தடை வந்துவிடக் கூடாதென்று ஓட்டல்காரர்களைப் பிடித்து, ‘புகைப்பவர்க்கு ஒரு பக்கம், மற்றவர்க்கு ஒரு பக்கம், நடுவில் நல்ல காற்றோட்டம், போதும்’ என்று வருஷக்கணக்காகப் பிரசாரம் செய்தார்கள். 2006-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் அறிக்கை விட்டார். ஃபேன் போட்டாலும் முழுக்கப் போகாது, இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவும் கிடையாது என்று.

முருகேசன்: ஃபேன் வாங்கவா வேண்டாமா?

மீனா: முதலில் பந்தல்காரரிடம் நாற்காலிக்குச் சொல்லுங்கள். 60.

முருகேசன்: 50 போதும்

ருக்மணி: தேனு, இவ்வளவு நீளமாக எழுதினால் யார் படிப்பது? ஆடியோ போடு.

தேன்மொழி: ஆடியோ போட்டால் 9 நிமிஷம் வரும் அம்மா

ருக்மணி: எழுதியே தொலை.

ராஜாமணி: நான் ஜன்னலுக்கு வெளியேதான் ஊதுகிறேன். இந்த வீட்டில் யார் முகத்திலும் ஊதியதில்லை.

தேன்மொழி: நீங்கள் ஊதுவது பாதிக் கதைதான் மாமா. இழுக்காமல் வைத்திருக்கும்போது நுனியிலிருந்து ஒரு புகை எழும்புமே, அதுதான் மோசம். இது டாக்டர்கள் சொல்லித் தெரிந்ததுகூட இல்லை. 1971-ல் ஃபிலிப் மாரிஸ் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் இன்பிஃபோ என்ற ஆய்வுக்கூடத்தை வாங்கியது. அங்கே எலிகளுக்கு அந்த நுனிப்புகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இழுக்கும் புகையைவிட எடைக்கு எடை சுமார் நான்கு மடங்கு நஞ்சு. 1980-களிலேயே அவர்கள் கையில் இருந்த கணக்கு. வெளியே சொல்லவில்லை. வழக்குகளால் உள் ஆவணங்கள் வெளியே வந்து, 2005-ல் சிலர் உட்கார்ந்து புரட்டியபோதுதான் ஊருக்குத் தெரிந்தது.

செந்தில்: ஜன்னல் திட்டில் ஒரு சிரட்டை இருக்குமே. பாதி சிகரெட் அதிலேயே எரிந்து தீரும். அம்மா அதற்குக் கீழேதான் அரிவாள்மணை போட்டு உட்காருவாள். அங்கேதான் வெளிச்சம் என்று.

முருகேசன்: செந்தில், இது வளைகாப்பு குரூப்

செந்தில்: தெரியும்

பிரியா: எனக்குப் புளியோதரை கொஞ்சம் கூடுதலாகச் செய்யுங்கள்

மீனா: தூங்கவில்லையா நீ

பாலு: மதினி, இவர்கள் மேல் யாரும் கேஸ் போடவில்லையா?

தேன்மொழி: அமெரிக்க அரசே போட்டது. 2006 ஆகஸ்டில் கிளாடிஸ் கெஸ்லர் என்ற நீதிபதி 1,600 பக்கத்துக்கு மேல் தீர்ப்பு எழுதினார். தெரிந்தே மக்களை ஏமாற்றினார்கள், அடுத்தவர் புகை விஷயத்திலும் அப்படியே என்று.

பாலு: மதினி மெசேஜைவிடக் கொஞ்சம்தான் பெரிசு

ருக்மணி: 😂

ராஜாமணி: முதன்முதலில் இதைக் கிளப்பிவிட்டது யார்?

தேன்மொழி: ஜப்பானில் ஹிரயாமா என்று ஒரு டாக்டர், 1981 ஜனவரியில். புகைக்காத மனைவிகளை மட்டும் தனியாக எடுத்து 14 வருஷம் யார் யாருக்கு என்ன ஆனது என்று பார்த்தார். 91,540 பேர். கணவன் ஒரு நாளைக்கு 20 சிகரெட்டோ அதற்கு மேலோ என்றால், மனைவிக்கு நுரையீரலில் புற்று வந்து இறக்கும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. அதே மாதம் கிரீஸிலிருந்தும் ஒரு கட்டுரை, அதுவும் இதையே சொன்னது. உடனே அமெரிக்காவில் கம்பெனிகளின் சங்கம் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது, ஹிரயாமாவின் கணக்கு தப்பு என்று. அதே வருஷம் ஒரு கம்பெனி வக்கீல் உள்ளுக்குள் எழுதிய குறிப்பு இப்போது எல்லாரும் படிக்கக் கிடைக்கிறது. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? தங்கள் ஆலோசகர்களே அந்த ஜப்பான்காரர் சொல்வது சரி என்கிறார்கள் என்று.

தேன்மொழி: அதோடு விடவில்லை. ஜப்பானிலேயே எதிர் ஆய்வு ஒன்றுக்கும் பணம் போட்டார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட வாதம், அந்த மனைவிகள் உண்மையில் புகைத்திருப்பார்கள், கேட்டபோது இல்லை என்று சொல்லியிருப்பார்கள் என்பது.

பாலு: அப்போ பெரியம்மா மாவாட்டும் அறையில் ஒளித்துவைத்து பீடி

செந்தில்: பாலு.

பாலு: ஸாரி அண்ணே

மீனா: பாலு, நீ முதலில் அந்த வேன்காரரைக் கேட்டாயா?

பாலு: 14 சீட் இல்லையாம். 12 தான்.

ருக்மணி: நான் முன் சீட். பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும்.

மீனா: சம்பந்தி அம்மாவுக்கு முன் சீட் என்று சொல்லிவிட்டேனே மதினி

ருக்மணி: நீங்கள் முடிவு செய்துவிட்டு எதற்கு குரூப்பில் கேட்கிறீர்கள்?

தேன்மொழி: இன்னும் ஒன்றே ஒன்று, முடித்துவிடுகிறேன். 1998-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் இதே விஷயம் பற்றி வந்த 106 மதிப்புரைக் கட்டுரைகளை, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்துவைத்து எடைபோடும் கட்டுரைகளை, எடுத்து எண்ணினார்கள். 39 கட்டுரை ‘கெடுதல் இல்லை’ என்றது. அந்த 39-ல் 29 எழுதியவர்களுக்கு சிகரெட் கம்பெனித் தொடர்பு. கட்டுரையின் தரம், வருஷம் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொன்னது பணம் ஒன்றுதான். அதற்காகத்தான் மாமா யார் கொடுத்தது என்று பார்க்கச் சொல்கிறேன்.

முருகேசன்: 👍

முருகேசன்: அண்ணே, அப்போ மாடிதானே?

மீனா: பெரிய அத்தான்?

ராஜாமணி: ஜப்பானில் எத்தனை பேர் என்றாய்

தேன்மொழி: 91,540 மாமா

ராஜாமணி: அவ்வளவு பேரும் புகைக்காதவர்களா

தேன்மொழி: ஆமாம் மாமா.

ராஜாமணி: ம்

பிரியா: பெரியப்பா, உங்கள் ரூமிலேயே இருங்கள். வெயிலில் மாடி ஏற வேண்டாம். நான் வாசல் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.

மீனா: மனையைத் திண்ணையில் போட முடியாது பிரியா. கூடம்தான்.

செந்தில்: நான் வியாழன் இரவே வருகிறேன்.

ருக்மணி: லீவு கிடைத்துவிட்டதா? செண்பகம் மதினி திதிக்குக் கிடைக்கவில்லை என்றாயே.

செந்தில்: அது வேறு அத்தை

முருகேசன்: அக்கா, விடுங்கள்

[4.52]

ராஜாமணி: [படம்]

ராஜாமணி: பரணில் இருந்தது. விளிம்பில் செண்பகம் என்று பெயர் வெட்டியிருக்கிறது.

ருக்மணி: நான் அப்போதே சொன்னேன் என்னிடம் இல்லை என்று.

பாலு: இது அண்டாவா தவலையா?

ருக்மணி: அண்டா.

செந்தில்: பரணில் தனியாக ஏறினீர்களா? ஏணியை யார் பிடித்தது?

ராஜாமணி: மாடியில் தொட்டி வேலை நடக்கிறது. கொத்தனார் வியாழன் முடிப்பதாகச் சொல்கிறார். பார்ப்போம்.

மீனா: அத்தான், உள்ளே ஈயம் போயிருக்கிறது போலிருக்கிறதே. புளியோதரை வைத்தால் களிம்பு ஏறிவிடும். வெள்ளிக்குள் ஈயம் பூச ஆள் கிடைக்குமா?

முருகேசன்: இப்போது யார் ஈயம் பூசுகிறார்கள்

பாலு: பஜாரில் ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். கேட்டுச் சொல்கிறேன்.

மீனா: கிடைக்காவிட்டால் புளியோதரையை எவர்சில்வரில் வைத்துவிட்டு, சர்க்கரைப் பொங்கலை இதில் வைக்கலாமா மதினி?

ருக்மணி: என்னை ஏன் கேட்கிறாய்.

முருகேசன்: நாற்காலி 50 சொல்லிவிட்டேன்

மீனா: 60!!