பெல்லட் ஸ்டவ் பத்திக்கிட்டு 20 நிமிஷத்துல தானா அணைஞ்சுடுது, தூக்கிப் போட்டுடலாமா?

குளிர்தாங்காதவன்:

வணக்கம் மக்களே. மரத்தூளை இறுக்கிச் செஞ்ச பெல்லட்டை எரிச்சு வீட்டைச் சூடாக்குற இந்த ஸ்டவ்வோட எனக்கு இது மூணாவது குளிர்காலம். முதல் வருஷம் ராஜா மாதிரி எரிஞ்சுது, போன வருஷக் கடைசியில லேசா முரண்டு பிடிச்சுது, இப்ப சுத்தமா மானத்தை வாங்குது. பட்டனை அமுக்கினா அஞ்சாறு நிமிஷத்துல பெல்லட் பத்திக்குது, ஒரு 15, 20 நிமிஷம் எரியுது, அப்புறம் தீ சிறுத்து சிறுத்து அணைஞ்சு எரர் காட்டிட்டு நின்னுடும், மறுபடி போட்டா மறுபடியும் அதே கதை, நேத்து ராத்திரி மட்டும் நாலு தடவை எழுந்து போய் போட்டேன், கடைசியில போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு படுத்துட்டேன்.

மெக்கானிக் வந்தார். பத்த வைக்கிற இக்னைட்டர் போயிடுச்சுன்னு மாத்தினார், சரியாகலை. திரும்ப வந்து கண்ட்ரோல் போர்டு மாத்தினார், அதுக்கும் சரியாகலை. இப்ப பெல்லட்டைத் தீக்குத் தள்ளுற ஆகர் மோட்டாரை மாத்தணும்ங்கிறார். இப்படியே போனா கதவைத் தவிர எல்லாம் புதுசாயிடும் போல.

சுத்தம் பண்றியான்னு கேப்பீங்க. தினமும் காலையில பெல்லட் எரியுற பர்ன் பாட்டைச் சுரண்டுறேன், கண்ணாடி துடைக்கிறேன், வாரம் ஒரு தடவை சாம்பல் தட்டைக் கொட்டுறேன். ஆனா இப்பல்லாம் ரெண்டு தடவை போட்டாலே கண்ணாடி கரி பிடிச்சுடுது, முன்னாடி ரெண்டு மூணு நாள் தாங்கும். இந்த மெஷினே இப்படித்தானா, இல்ல எனக்கு வாய்ச்சது மட்டும் இப்படியா? நேர்மையா சொல்லுங்க.

சாம்பல்சாமி:

நண்பரே, முதல்ல ஒண்ணு. அஞ்சாறு நிமிஷத்துல பத்திக்குதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப இக்னைட்டருக்கு ஒண்ணும் இல்ல. பத்த வைக்கிறதோட அதோட வேலை முடிஞ்சுது, அதுக்கப்புறம் எரியுறதுக்கும் அணையுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. உங்க மெக்கானிக் ஊசி காணோம்னு வைக்கோல்போரையே மாத்திட்டு இருக்கார்.

நான் 12 வருஷமா இதோட குடித்தனம் பண்றவன், ரெண்டாவது ஸ்டவ். என் அனுபவத்துல பத்துல எட்டு கோளாறு சாம்பல்தான். உங்க கண்ணாடி கதையே சொல்லிடுச்சு, சீக்கிரம் கறுக்குதுன்னா தீக்குக் காத்து பத்தலைன்னு அர்த்தம். தீயை நல்லா பாருங்க, வெளிர் மஞ்சளா துறுதுறுன்னு குட்டையா ஆடுதா, இல்ல ஆரஞ்சு கலர்ல நுனி கறுத்து சோம்பேறியா நெளியுதா? ரெண்டாவதுன்னா புகை போற வழி எங்கயோ அடைச்சிருக்கு.

அது ஏன் 20 நிமிஷத்துல நிக்குதுன்னு கேட்டா, உள்ள ஒரு வேக்குவம் ஸ்விட்ச் இருக்கு. புகையை வெளிய தள்ளுற ஃபேன் உண்டாக்குற இழுவையை ஒரு சின்ன ரப்பர் ட்யூப் வழியா அது பாத்துக்கிட்டே இருக்கும். இழுவை குறைஞ்சுதுன்னா பெல்லட் தள்ளுற ஆகரை நிறுத்திடும். புதுசா பெல்லட் விழலை, இருக்கிறது எரிஞ்சு தீருது, தீ தானா சாகுது, அப்புறம் தீ இருக்கான்னு பாக்குற சென்சார் சூடு இறங்கினதைக் கவனிச்சு மொத்தத்தையும் மூடுது. நீங்க பாக்குற எரர் இந்தக் கடைசிக் கட்டம்தான், வியாதி அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்தாச்சு.

அதனால இன்னைக்கு ஒரு வேலை பண்ணுங்க. நாற்காலி போட்டு முன்னாடி உக்காந்து பெல்லட் விழுற சத்தத்தைக் கேளுங்க. தீ நல்லா இருக்கும்போதே டப் டப்னு விழுறது நின்னுடுச்சுன்னா யாரோ ஆகருக்குக் கரண்ட்டை வெட்டுறாங்கன்னு அர்த்தம். ஒண்ணு வேக்குவம் ஸ்விட்ச், இல்லன்னா ஸ்டவ் ஓவரா சூடானா வெட்டுற ஹை லிமிட் ஸ்விட்ச். அறைக்குள்ள சூடான காத்து ஊதுற ஃபேன் இருக்கில்ல, அதுல தூசியும் பூனை முடியும் அடைச்சு காத்து குறைஞ்சிருந்தா இந்த ரெண்டாவது ஆள் வெட்டுவான். அந்தக் காத்து முன்ன மாதிரி வேகமா வருதான்னு கையை நீட்டிப் பாருங்க.

மரவெட்டி:

நான் வேற மாதிரி சொல்றேன், சாம்பல்சாமி கோவிச்சுக்க வேணாம். நான் நாலு வருஷம் வெச்சிருந்துட்டு வித்துட்டு பழையபடி விறகு ஸ்டவ்வுக்கே வந்துட்டேன். இதுல ஆடுற சாமான் ரொம்ப ஜாஸ்தி. மோட்டார் ஒண்ணு, ஃபேன் ரெண்டு, சென்சார் மூணு, போர்டு ஒண்ணு, இதுல எது படுத்தாலும் வீடு குளிருது. விறகு ஸ்டவ்வுல என்ன இருக்கு, கதவு ஒண்ணு, காத்து வர்ற பிடி ஒண்ணு.

எனக்கு வெறுத்துப் போனது ஒரு பனிப்புயல் ராத்திரி. கரண்ட் போச்சு, புகை தள்ளுற ஃபேன் நின்னுச்சு, ஆனா பாட்ல நெருப்பு இருக்கில்ல, அது எங்க போகும்? என் குழாய் சுவரைத் துளைச்சு நேரா படுக்கையா வெளிய போறது, மேல ஏத்தலை, அதனால புகை இயற்கையா ஏற வழியில்லாம மூடியோட இடுக்கு வழியா ஹாலுக்குள்ள வந்துச்சு, கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறி எல்லாரும் ஜாக்கெட்டோட வாசல்ல நின்னோம். அடுத்த வருஷமே வித்தேன்.

வயர்மேன்:

வேக்குவம் ஸ்விட்ச்தான்னு தெரிஞ்சா எதுக்கு இவ்வளவு கஷ்டம். அதுல ரெண்டு வயர் வரும், ரெண்டையும் கழட்டி ஒண்ணா சேத்து முறுக்கிடுங்க, ஸ்டவ் பேசாம எரியும். நண்பர் வீட்ல ஒரு சீசன் பூரா அப்படித்தான் ஓடுச்சு.

சாம்பல்சாமி:

வயர்மேன், தயவு செஞ்சு இதைப் படிச்சிட்டு யாரும் பண்ணிடப் போறாங்க. அந்த ஸ்விட்ச் எதுக்கு இருக்குன்னா, குழாய் அடைச்சுக்கிட்டா தீக்குத் தீனி போடாதேன்னு சொல்றதுக்கு. வாயைக் கட்டிட்டா அடைச்ச குழாயோட பெல்லட் விழுந்துக்கிட்டே இருக்கும், புகை வீட்டுக்குள்ள வரும், பெல்லட் கொட்டி வைக்கிற ஹாப்பர் வரைக்கும் நெருப்பு ஏறினாலும் ஆச்சரியமில்ல. அந்தப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாத விஷம்யா, தூங்கிட்டு இருக்கிறவன் தூங்கிட்டே போயிடுவான். நண்பர் வீடு தப்பிச்சது அவர் அதிர்ஷ்டம்.

மரவெட்டி சொன்னது நியாயம்தான், கோவமெல்லாம் இல்ல. வெளிய போன குழாயை சுவரோரமா கொஞ்சம் செங்குத்தா ஏத்தி விட்டிருந்தா கரண்ட் போனாலும் மிச்சப் புகை தானா மேல போயிருக்கும். நான் ஒரு யூபிஎஸ்ஸும் வெச்சிருக்கேன், வீட்டுக் கரண்ட் மாதிரியே சுத்தமான சைன் வேவ் குடுக்குறது, மலிவான யூபிஎஸ்ல இந்த மோட்டாருங்க உறுமும். எரியும்போது ஸ்டவ் சுமார் 100 வாட்டுக்குப் பக்கத்துலதான் இழுக்கும், பத்த வைக்கும்போது மட்டும் 300, 400ன்னு தாவும். விடிய விடிய ஓட்ட இல்ல, ஒழுங்கா அணைச்சு முடிக்கிற வரைக்கும் தாங்கினா போதும்.

மூட்டைதூக்கி:

பெல்லட்டைப் பத்தி யாருமே கேக்கலையே! கேள்வி கேட்டவர் இந்த வருஷம் பெல்லட் மாத்தினாரா? எங்க வீட்ல போன வருஷம் இதே மாதிரி ஆச்சு, நான் வீட்டுக்காரர் சுத்தம் பண்றதில்லன்னு அவரைத் திட்டிட்டு இருந்தேன், பாத்தா மூட்டையோட ஜாதி மாறினதுதான் காரணம்.

மூட்டையில இஎன்ப்ளஸ் ஏ1ன்னு தர முத்திரை இருந்தா சாம்பல் 0.7 சதவீதத்துக்குள்ள, ஈரம் 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். கேக்க சின்ன நம்பர் மாதிரி இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு டன் எரிச்சா 7 கிலோ சாம்பல். அதே 1.5 சதவீதம் உள்ளதுன்னா 15 கிலோ. அந்தக் கூடுதல் 8 கிலோவும் உங்க ஸ்டவ் வயித்துக்குள்ளதான் எங்கயாவது ஒட்டிக்கிட்டு உக்காரும். பட்டை, மண் கலந்த பெல்லட்னா சாம்பல் உருகி பாட்டோட அடியில கண்ணாடிக் கல்லு மாதிரி கட்டியாகும், காத்து வர்ற ஓட்டையை அடைச்சுடும்.

இன்னொண்ணு, மூட்டையோட அடியில இருக்கிற தூளை அப்படியே ஹாப்பர்ல கவுத்தாதீங்க. நான் ஒரு பழைய சல்லடை வெச்சிருக்கேன், கடைசி ரெண்டு கையளவை அதுல போட்டு தட்டிட்டுத்தான் கொட்டுவேன். தூள் ஹாப்பர் அடியில படிஞ்சா பெல்லட் சரியா இறங்காது. மூட்டையை சிமெண்ட் தரையில நேரா வைக்காம பலகை மேல அடுக்குங்க. ஈரம் பட்ட பெல்லட் உப்பி மரத்தூளாயிடும், அது ஆகருக்குள்ள போய் இறுகினா உளி வெச்சுத்தான் எடுக்கணும், எடுத்திருக்கேன்.

குளிர்தாங்காதவன்:

எல்லாருக்கும் நன்றி. நாற்காலி போட்டு உக்காந்தேன், வீட்ல எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க. 14வது நிமிஷத்துல டப் டப் நின்னுடுச்சு, தீ அப்ப நல்லாத்தான் இருந்துச்சு! நல்லான்னா, ஆரஞ்சு, நுனி கறுப்பு, சாம்பல்சாமி சொன்ன அதே சோம்பேறித் தீ. சூடான காத்து வேகமாத்தான் வருது, அதனால அந்த ஃபேன் இல்லன்னு விட்டுட்டேன்.

பெல்லட்டும் மாத்தினேன்தான், கடையில பழையது இல்லன்னு வேற வாங்கினேன், மூட்டையில முத்திரை ஒண்ணையும் காணோம்.

புகைக்குழாயை எப்படிப் பாக்குறது? உள்ள வேற எங்க அடைக்கும்? நான் பாக்குற இடமெல்லாம் சுத்தமாத்தானே இருக்கு.

சாம்பல்சாமி:

பாக்குற இடம் சுத்தமாத்தான் இருக்கும், அதுதான் வம்பே. வீட்டைப் பெருக்கி குப்பையைக் கட்டிலுக்கு அடியில தள்ளின கதை. தீ எரியுற பெட்டிக்குப் பின்னாடி ஒரு தகடோ செங்கல் மாதிரி பலகையோ இருக்கும், ரெண்டு ஸ்க்ரூ இல்லன்னா ஒரு கொக்கி. அதைக் கழட்டினா பின்னாடி ரெண்டு பக்கமும் சாம்பல் விழுற அறை இருக்கும், அங்கிருந்து புகை ஃபேனுக்குப் போகுது. முழு சுத்தம்ங்கிறது அங்கதான், ஒரு டன் எரிச்சதும் ஒரு தடவை பண்ணணும். பலகை பஞ்சு மாதிரி லேசான ரகமா இருந்தா வேக்குவம் க்ளீனர் மூக்கை அதுல வெச்சு அழுத்தாதீங்க, குழி விழுந்துடும்.

ப்ளக்கைப் பிடுங்கிட்டு ஒரு முழு நாள் ஆற விடுங்க. சாம்பலுக்குள்ள கங்கு ஒரு நாளுக்கு மேல கூட உயிரோட இருக்கும், சாதாரண வேக்குவம் க்ளீனர்ல இழுத்தா பை எரிஞ்சுடும், சாம்பலுக்குன்னே உள்ளதை எடுங்க. வாரின சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில போட்டு வீட்டுக்கு வெளிய வைங்க, பிளாஸ்டிக் கூடையில வேணாம்.

அப்புறம் புகை ஃபேனைக் கழட்டி இறக்கையைப் பிரஷ்ஷால தேயுங்க, அதுக்கு இடுக்கை அடைக்கிற ஒரு கேஸ்கெட் உண்டு, கழட்டினா கிழியும், முன்னாடியே புதுசு வாங்கி வெச்சுக்குங்க. வேக்குவம் ட்யூபை ஸ்விட்ச்லருந்து உருவிட்டு ஊதுங்க, ஸ்விட்ச் பக்கம் ஊதிடாதீங்க, உள்ள இருக்கிற சவ்வு போயிடும். வெளிக்குழாய்க்கு இலை ஊதுற மெஷின் இருந்தா உறிஞ்சுற பக்கத்தை வெளிய குழாய் வாயில வெச்சு, ஸ்டவ் கதவை மூடிட்டு இழுங்க. வெளிய இருந்து இழுக்கணும். நான் முதல் தடவை உள்ள இருந்து ஊதினேன், அன்னைக்கு வீட்ல நடந்ததை இங்க எழுத முடியாது.

கடைசியா கதவு. ஒரு துண்டு பேப்பரை கதவு இடுக்குல வெச்சு மூடி இழுங்க, சுத்தி நாலஞ்சு இடத்துல. லூசா உருவிக்கிட்டு வந்தா அந்தக் கயிறு கேஸ்கெட் செத்துப் போச்சு, அது வழியா காத்து புகுந்தாலும் இழுவை குறையும்.

குளிர்தாங்காதவன்:

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். பின் தகடு ரெண்டு ஸ்க்ரூ, ஒண்ணு துருப்பிடிச்சு வர மாட்டேன்னுச்சு, எண்ணெய் விட்டு ராத்திரி பூரா விட்டுட்டு காலையில திருகினேன். தகடு அசைஞ்சதுதான் தாமதம், சாம்பல் மணல் சரியுற மாதிரி சரசரன்னு இறங்கி கால் மேல கொட்டுச்சு. ரெண்டு பக்க அறையும் மேல வரைக்கும் ரொம்பிப் போய் புகைக்கு ரெண்டு விரல் அகலம்தான் வழி. மொத்தம் ஒரு வாளி! மூணு வருஷ சாம்பல். இந்தத் தகடைக் கழட்டணும்னு விக்கும்போதும் யாரும் சொல்லலை, மூணு தடவை வந்துட்டுப் போன மெக்கானிக்கும் அதைத் தொடலை.

மேனுவலை இப்ப எடுத்துப் பாத்தேன், 31ஆம் பக்கத்துல படம் போட்டே இருக்கு. சரி விடுங்க.

ட்யூபுக்குள்ள சாம்பல் உருண்டை மாதிரி ஒண்ணு இருந்துச்சு, ஊதினதும் தெறிச்சுது. எல்லாம் மாட்டி நேத்து சாயங்காலம் போட்டேன், இப்ப வரைக்கும் 16 மணி நேரம் நிக்காம எரியுது. தீ மஞ்சளா, குட்டையா, கண்ணாடியும் பழையபடி வெளுப்பா இருக்கு. சாம்பல் கூட கறுப்பா இல்லாம லேசான சாம்பல் நிறத்துலயே விழுது. ஆகர் மோட்டார் வேணாம்னு மெக்கானிக்குக்குப் போன் பண்ணி சொல்லிட்டேன், "பாத்துக்குங்க, திரும்ப வரும்"ங்கிறார்.

பேப்பர் சோதனையில கீல் பக்கம் இறுக்கமா இருக்கு, கைப்பிடிக்குக் கீழ மட்டும் வெண்ணெய்ல கத்தி மாதிரி உருவிக்கிட்டு வருது. கயிறு வாங்கி நானே ஒட்டிடலாமா?

சாம்பல்சாமி:

தாராளமா. பழைய கயிறோட தடிமனை அளந்து அதே அளவு வாங்குங்க, ஆனா பழசு நசுங்கியிருக்கும், நசுங்காத மூலையில அளங்க. பசையைச் சுரண்டி எடுத்துட்டு சூடு தாங்குற பசை போட்டு ஒட்டுங்க, ஒட்டும்போது கயிறை இழுக்காதீங்க, இழுத்தா மெலிஞ்சுடும். ஒட்டு சேர்ற இடம் கீல் பக்கமா வரட்டும்.

சீசன் முடிஞ்சதும் ஹாப்பர்ல ஒரு பெல்லட் கூட மிச்சம் வைக்காம எரிச்சுடுங்க, ஆகருக்குள்ள இருக்கிறதும் காலியாகணும், இல்லன்னா கோடை ஈரத்துல ஊறி மூட்டைதூக்கி கிட்ட உளி கடன் வாங்க வேண்டி வரும்.

மூட்டைதூக்கி:

உளி கடன் தர மாட்டேன், முனை மழுங்கிடுச்சு. வெளிக்குழாய் வாயில குருவி கூடு கட்டாம வலை கட்டுவாங்க கோடையில, அதை மறக்காம கழட்டிட்டு பத்த வைங்க. எங்க வீட்டுக்காரர் மறந்தார்.