சிஎக்ஸ்சிஎல்12 சேர்த்தும் செல் வேகமாக நகரவில்லை, எங்கே தவறு?

செம்பருத்தி22:
எம்.எஸ்சி. கடைசி வருட புராஜெக்ட். எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுநோய் செல்லில் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன் (செல்களை ஈர்க்கும் சைகைப் புரதம்) என்ன செய்கிறது என்று பார்க்கிறேன். தட்டில் செல் நிரம்பியதும் பிப்பெட் நுனியால் ஒரு கீறல் போட்டு, மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) புரதத்தைக் கலந்து 48 மணி நேரம் வைத்தேன். மூன்று முறை செய்தாயிற்று, சேர்த்த தட்டிலும் சேர்க்காத தட்டிலும் கீறல் ஒரே மாதிரி மூடுகிறது. புரதம் கெட்டுவிட்டதா? அடுத்த வாரம் ரிவ்யூ.

குழித்தட்டு:
மீடியத்தில் சீரம், அதாவது செல்களை வளரத் தூண்டும் ரத்த நீர், எவ்வளவு? 10% என்றால் 48 மணி நேரத்தில் செல்கள் பிரிந்து பெருகியே கீறலை அடைத்துவிடும். நகர்ந்ததா, பெருகியதா என்று அப்புறம் பிரித்துச் சொல்லவே முடியாது.

அதைவிட முக்கியம், சிஎக்ஸ்சிஎல்12 ஒரு திசை காட்டும் புரதம். ஒரு வீட்டில் மட்டும் மீன் குழம்பு கொதித்தால் வாசனை பிடித்து அந்த வீட்டுக்குப் போகலாம், தெரு முழுக்கக் கொதித்தால் எந்தப் பக்கம் போவது? நீங்கள் தட்டு முழுக்க ஒரே அளவில் கலந்துவிட்டீர்கள். 8 மைக்ரான் துளை உள்ள டிரான்ஸ்வெல் (துளைச் சவ்வு மேல், கீழ் என்று பிரிக்கும் குழி) எடுத்து, செல்லை மேலே, புரதத்தைக் கீழே வையுங்கள். இன்னொரு குழியில் மேலும் கீழும் சம அளவு புரதம் கட்டாயம் வேண்டும். அதிலும் அதே எண்ணிக்கையில் இறங்கினால் அது வெறும் பரபரப்பு, திசை அறிந்து போனதாகாது.

ஆக்டின்_பிரியன்:
மேலே சொன்னது சரி. செல்லுக்குள்ளும் இதே கதைதான். சிஎக்ஸ்சிஎல்12 வந்து ஒட்டும் சிஎக்ஸ்சிஆர்4 ரிசப்டர் எந்தப் பக்கம் அதிகம் தூண்டப்படுகிறதோ அந்தப் பக்கம் ராக்1 என்ற சின்ன ஜிடிபி புரதம் ஆக்டின் இழைகளை வளர்த்து விளிம்பைத் தகடாக நீட்டும், பின்பக்கம் அதே வகைப் புரதமான ரோஏ, இழைகளை இழுக்கும் மயோசினை முடுக்கி வாலைச் சுருக்கி இழுக்கும். எல்லாப் பக்கமும் ஒரே தூண்டல் என்றால் முன் எது, பின் எது?

ஏஎம்டி3100 என்ற மருந்து சேர்த்த ஒரு குழியும் வையுங்கள். அது சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைக்கும், நகர்வு குறைந்தால் இந்த ரிசப்டர் வழியாகத்தான் என்று ரிவ்யூவில் தைரியமாகச் சொல்லலாம். 2001இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வையும் படியுங்கள். நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணு என்று மார்பகப் புற்று பரவும் இடங்களில்தான் சிஎக்ஸ்சிஎல்12 அதிகம் என்று காட்டியது அதுதான். உங்கள் கேள்வியே அங்கிருந்து வருவது.

செம்பருத்தி22:
சீரம் 10%தான்! பக்கத்து லேபில் டிரான்ஸ்வெல் ஆறு தருகிறார்கள். புரதம் இல்லாதது, கீழே மட்டும், இரண்டு பக்கமும், ஏஎம்டி3100 என்று நாலு. மீதி இரண்டு எதற்கு?

குழித்தட்டு:
கீழே மட்டும் வைப்பதை மூன்றாகச் செய்யுங்கள். இறங்காமல் மேல்பக்கம் தங்கிய செல்லைப் பஞ்சுக் குச்சியால் துடைத்த பிறகே கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டு எண்ணுங்கள், பலர் கோட்டைவிடும் இடம் அது.