கத்தும் லிங்கரும் கத்தாத லிங்கரும்: டெம்ப்ளேட் நகல் பற்றி மூன்று நிரலாளர்களின் அனுபவங்கள்

எடைமேடை:
சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடை மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். குலை ஏற்றி வரும் லோரியை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் நிறுத்து, கழித்து, சீட்டு அடிக்கும் நிரல். சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியது, பல கை மாறி வந்தது.

போன மாதம் ஹெடரில் (பல கோப்புகள் உள்ளே எடுத்துக்கொள்ளும் பொதுக் கோப்பு) இருந்த ஒரு ஃபங்ஷன் டெம்ப்ளேட்டுக்கு (ஒவ்வொரு வகைக்கும் கம்பைலர் நகல் எடுக்கும் அச்சு), டபுள் என்ற தசம எண் வகைக்கு மட்டும் முழு ஸ்பெஷலைசேஷன், அதாவது அந்த வகைக்கென்றே தனி வடிவம், எழுதிச் சேர்த்தார் புதிதாக வந்த தம்பி. கோப்புகள் எல்லாம் சுத்தமாகக் கம்பைல் ஆயின. கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளை லிங்கர் ஒரே நிரலாக இணைக்கும்போது ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ (ஒரே பெயருக்குப் பல வரையறை), ‘ஃபர்ஸ்ட் டிஃபைன்ட் ஹியர்’ என்று திரை நிறையக் கொட்டுகிறது. “ஹெடர் கார்டு போட்டிருக்கேனே அண்ணே, அப்புறம் எப்படி?” என்றார். நியாயமான கேள்வி. ஹெடர் கார்டு ஒரே கோப்புக்குள் இரண்டு முறை நுழைவதைத்தான் தடுக்கும். பத்துக் கோப்புகள் அந்த ஹெடரை எடுத்தால் பத்து ஆப்ஜெக்டிலும் நகல் உட்கார்ந்துவிடும்.

சாதாரண டெம்ப்ளேட் என்றால் கம்பைலர் அந்த நகல்களை வீக் சிம்பலாக (பல இருந்தாலும் பிழையில்லை என்று குறித்த பெயர்) வைக்கும், லிங்கர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். முழு ஸ்பெஷலைசேஷனுக்கு அந்தச் சலுகை கிடையாது, அது தனி ஃபங்ஷன் மாதிரிதான். ஆப்ஜெக்டில் உள்ள சிம்பல்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கருவியை ஓடவிட்டுக் காட்டினேன்: மற்றவற்றுக்குப் பக்கத்தில் வீக் என்பதற்கான ‘டபிள்யூ’, இதற்கு மட்டும் எல்லா ஆப்ஜெக்டிலும் சாதாரண ஃபங்ஷனுக்கான ‘டி’. முன்னால் ‘இன்லைன்’ சேர்த்தார், ‘டபிள்யூ’ ஆனது, லிங்க்கும் ஆனது.

லோரிச்சீட்டு:
எடைமேடை அண்ணன் சொன்னது லிங்கர் பிழை காட்டிக் கத்தும் வகை. அது வந்தால் சந்தோஷப்படுங்கள். நான் வேறொரு ஆலையில் பார்த்தது கத்தாத வகை.

எடையை முழுமையாக்கும் டெம்ப்ளேட் ஒன்று, உள்ளே ஒரு மேக்ரோவைப் (கம்பைலுக்கு முன்பே அந்தந்தக் கோப்பில் பதிலீடாகும் மதிப்பு) பார்த்து வேலை செய்யும். சீட்டுக் கோப்பில் 10 கிலோவுக்கு முழுமையாக்கச் சொல்லி மேக்ரோ, அறிக்கைக் கோப்பில் 1 கிலோவுக்கு. இரண்டு நகலுக்கும் ஒரே பெயர், இரண்டுமே வீக். லிங்கர் முதலில் கண்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டது. எச்சரிக்கை ஒரு வரி இல்லை.

வேகத்துக்கான ‘ஓ2’ விருப்பம் போட்ட ரிலீஸ் பில்டில் எல்லாம் சரி, ஏனென்றால் ஃபங்ஷன் அழைத்த இடத்திலேயே விரிந்து அங்கங்கே இன்லைன் ஆகிவிட்டது. அந்த விருப்பம் இல்லாத டீபக் (பிழை தேடும்) பில்டில் மட்டும் அறிக்கையும் 10 கிலோக் கணக்கில் வரும். ஆலைக் கிராணி (எழுத்தர்) காகிதத்தை நீட்டி, “எல்லா எடையும் பூஜ்யத்திலேயே முடியுதே தம்பி?” என்று கேட்ட பிறகுதான் துப்புக் கிடைத்தது. எதை எந்த வரிசையில் இணைக்க வேண்டும் என்று சொல்லும் மேக்ஃபைலில் இரண்டு ஆப்ஜெக்ட்டையும் இடம் மாற்றினேன், இப்போது சீட்டு மாறியது! அதோடு சந்தேகம் தீர்ந்தது. மேக்ரோவை எடுத்துவிட்டு அந்த அளவை டெம்ப்ளேட் ஆர்க்யூமென்ட்டாகவே கொடுத்தோம். இப்போது இரண்டும் வேறு வேறு சிம்பல். ரிலீஸில் சரியாக இருந்ததே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த கம்பைலர் இன்லைன் செய்யாவிட்டால் சிறுதோட்டக்காரர்களின் காசு தப்பாகப் போகும்.

பால்மரம்:
நகல்களால் கம்பைல் நேரம் இழுத்தால், சி பிளஸ் பிளஸ் 2011 முதல் ‘எக்ஸ்டர்ன் டெம்ப்ளேட்’ (இங்கே நகல் எடுக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் வரி) இருக்கிறது. ஹெடரில் அதைப் போட்டு, ஏதாவது ஒரே ஒரு கோப்பில் வெளிப்படையாக இன்ஸ்டான்ஷியேட் செய்யுங்கள், அதாவது நகலை அங்கே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவதை மறந்தால் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ (வரையறை கிடைக்கவில்லை) என்ற லிங்க் பிழை வரும். அப்புறம், பழைய மேக்ஃபைலில் டெம்ப்ளேட் நகல்களைக் கையாளும் ‘எஃப்ரெப்போ’ விருப்பம் கிடந்தால் எடுத்துவிடுங்கள், ஜிசிசி கம்பைலர் 10-இல் அதை நீக்கிவிட்டார்கள்.