ஸ்டாண்ட்-பை இரவில் பூட்ஸைக் கழற்றினது தப்பா?

பழைய சிக்னல்காரன்:
நேற்று விருகம்பாக்கம் வாசு இங்கே எழுதியது: "ராணுவத்தில் ராத்திரி ஸ்டாண்ட்-பை என்றால் கட்டிலில் படுத்துத் தூங்குவது, அதற்கு ஒரு சம்பளம். எங்கள் கம்பெனியில் ஆன்-கால் வந்தால் பதினைந்து நிமிஷத்தில் லாகின் பண்ணியாகணும்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ராணுவத்தின் சிக்னல் பிரிவில், அதாவது தகவல் தொடர்புப் படையில், பதினேழு வருஷம் சர்வீஸ் போட்டவன் நான். வெட்கத்தில் இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1, அடையாறு பொங்கின ராத்திரி. சென்னைக்குள் இருந்த எங்கள் யூனிட்டில் பன்னிரண்டு பேர் ஸ்டாண்ட்-பை, அதாவது கூப்பிட்டால் உடனே கிளம்பத் தயாராக இருக்க வேண்டியவர்கள். நான் அப்போது நாயக், சிப்பாய்க்கு மேலே இரண்டாம் படி. பகல் முழுக்க முட்டளவுத் தண்ணீரில் கேபிள் இழுத்துவிட்டு வந்திருந்தோம். பூட்ஸ் ஊறிப்போய்த் தூக்கவே முடியாத கனம். கழற்றி, பழைய தினத்தாளைக் கசக்கி உள்ளே திணித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, யூனிபாரத்தோடு சாய்ந்தேன். ஒன்றே முக்காலுக்கு விசில். கரண்ட் இல்லை. கையில் சிக்கியதை மாட்டிக்கொண்டு ஃபாலினுக்கு ஓடினேன். ஓடும்போதே கால் கோணிக்கொண்டு இழுத்தது. வரிசையில் நின்ற பிறகு மேஜர் சாப் டார்ச்சைக் கீழே அடித்தார். இரண்டு காலிலும் இடது கால் பூட்ஸ். லேஸ் பக்கத்தில் ஈரத் தினத்தாள் நாக்கு மாதிரி தொங்குகிறது. எனக்கு அடுத்து நின்ற லான்ஸ் நாயக்குக்கு இரண்டும் வலது. "யே க்யா ஹை?" என்றார். மொத்த வரிசையும் சிரித்தது. மாற்ற நேரமில்லை, லாரி கிளம்பிவிட்டது. அதே பூட்ஸோடு மறுநாள் மத்தியானம் வரை முடிச்சூரில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். வலது கட்டைவிரல் நகம் கழன்று வந்தது. இதுதான் வாசு சொல்லும் தூக்கம்.

விருகம்பாக்கம் வாசு:
சார், வெள்ளத்தில் நீங்கள் செய்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னதைத்தானே நீங்களே எழுதியிருக்கிறீர்கள்? டியூட்டியில் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கிறீர்கள்.

பழைய சிக்னல்காரன்:
டியூட்டி இல்லை, ஸ்டாண்ட்-பை. இரண்டும் வேறு. காவலுக்கு நிற்கிற சென்ட்ரி தூங்கினால் 1950ஆம் வருஷத்து ராணுவச் சட்டம் 36ஆம் பிரிவு பாயும். சாதாரண நாளில் ஏழு வருஷம் வரை, போர்க்களம் மாதிரியான ஆக்டிவ் சர்வீஸில் பதினாலு வருஷம் வரை ஜெயில். அது தன் இடத்தில் காவல் நிற்கிற சென்ட்ரிக்கு. கூப்பிட்டால் வர வேண்டியவன் கட்டிலில் சாய்வது குற்றமே இல்லை.

மதராசி மகள்:
சட்டம் இருக்கட்டும். பூட்ஸை ஏன் கழற்றினீர்கள்? என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். 1971 போரில் இருந்தவர். பதினொரு நாள் பூட்ஸைக் கழற்றவில்லை என்று சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார். "வீர மதராசி, அடி கொல்லு" என்று முழங்கின படைக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. அதைக் கட்டிலுக்கு அடியில் வைக்க முடியாது.

பழைய சிக்னல்காரன்:
அம்மா, உங்கள் அப்பா காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் இருந்தது போர்முனை. நான் இருந்தது பாரக், சிப்பாய்கள் தங்குகிற கட்டடம். பகலெல்லாம் சாக்கடைத் தண்ணீரில் ஊறின காலை ராத்திரியும் ஈரப் பூட்ஸுக்குள் வைத்தால் தோல் வெந்து உரியும். காலைப் பார்த்துக்கொள் என்பதுதான் ரிக்ரூட்டுக்கு முதலில் சொல்லித் தருகிற பாடம். அப்பாவிடமே கேளுங்கள்.

தாம்பரத்தான்:
நான் விமானப்படை, தாம்பரத்தில் இருந்தவன். அந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. எங்களுக்கும் ஸ்டாண்ட்-பைதான். யாரும் பூட்ஸ் மாறிப் போடவில்லை. பூட்ஸ் நாக்கின் உள்பக்கம் அவரவர் சர்வீஸ் நம்பரின் கடைசி நாலு எண் எழுதியிருக்க வேண்டுமே, எழுதவில்லையா?

பழைய சிக்னல்காரன்:
எழுதியிருந்தது. இருட்டில் யார் படிப்பது? இரண்டு பேருக்கும் எட்டாம் சைஸ். உங்களுக்கு ஜெனரேட்டர் ஓடியிருக்கும், அதனால் வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

தாம்பரத்தான்:
இதோ ஆரம்பித்துவிட்டார். போன மாதம் ராணுவக் கேன்டீனில் ஆளுக்கு இவ்வளவு என்று தருகிற கோட்டாவைப் பற்றிய பேச்சிலும் இப்படித்தான், விமானப்படை என்றாலே ஏசி அறை என்றார். சென்னை விமான நிலையம் மூடி ஆறாம் தேதி வரை கிடந்தது, அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டார்கள். அந்த நாலைந்து நாள் எங்களில் எத்தனை பேர் தூங்கினோம் என்று உங்களுக்குத் தெரியுமா?

பழைய சிக்னல்காரன்:
கேன்டீன் கோட்டாவில் நான் சொன்னது இன்றைக்கும் சரி. அதை இங்கே இழுக்காதீர்கள்.

விருகம்பாக்கம் வாசு:
பூட்ஸ் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எனக்கு ஆன்-கால் இருக்கும் வாரம் லேப்டாப்பை மூடுவதே இல்லை. சார்ஜரோடு தலைமாட்டில் இருக்கும். என் லேப்டாப் எனக்கு எப்படியோ, பூட்ஸ் உங்களுக்கு அப்படி. அதைத் தயாராக வைத்திருப்பதற்குத்தானே ஆன்-கால்?

பழைய சிக்னல்காரன்:
தம்பி, லேப்டாப்பையும் பூட்ஸையும் ஒன்றாக்காதே. உனக்கு ஆன்-கால் வாரத்துக்குத் தனிப்படி உண்டு என்று முன்பு நீதான் எழுதினாய். எங்களுக்கு ஓவர்டைமும் கிடையாது, ராத்திரிப் படியும் கிடையாது. சம்பளத்தோடு சேர்த்துத் தருகிற மிலிட்டரி சர்வீஸ் பே ஒன்றுதான். அது அப்போது மாதம் 2,000 ரூபாய், ஏழாவது சம்பளக் கமிஷனுக்கு அப்புறம் 5,200. இருபத்தினாலு மணி நேரமும் அதற்குள் அடக்கம். இதைத் தெரிந்துகொண்டு பேசியிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

மதராசி மகள்:
மாறிப் போட்டதைக் கேலி செய்யவில்லை அண்ணா. இருட்டில் யாருக்கும் நடக்கும். கழற்றினதைத்தான் கேட்கிறேன்.

பழைய சிக்னல்காரன்:
ஈரம் அம்மா, ஈரம். காய வைக்கக் கழற்றினேன். எத்தனை தடவை சொல்வது?

காசிமேட்டுக்காரன்:
பூட்ஸ் பூட்ஸ் என்று பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். அந்த வெள்ளத்தில் எங்கள் ஆட்கள் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு கோட்டூர்புரம் வரை வந்தார்கள். என் அண்ணனும் போனான். வெறுங்கால். கண்ணாடித் துண்டு குத்தி நாலு தையல். எந்த மேஜரும் டார்ச் அடிக்கவில்லை, எந்தச் சம்பளமும் வரவில்லை. ராணுவம் மட்டும்தான் காப்பாற்றியது போல எழுதாதீர்கள்.

பழைய சிக்னல்காரன்:
அப்படி எங்கே எழுதினேன்? காட்டுங்கள். முடிச்சூரில் நான் நின்ற தெருவைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். அங்கே மாடிப்படியில் ஒரு பாட்டி, கையில் ரேஷன் கார்டும் மாத்திரை டப்பாவும். தோளில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது கால் வழுக்கியது. வலது காலில் இடது பூட்ஸ் இருந்தால் எப்படி ஊன்ற முடியும்? சுவரைப் பிடித்து நின்றேன். பாட்டி கீழே விழவில்லை. அதைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

தாம்பரத்தான்:
வழுக்கியதற்குக் காரணம் பூட்ஸ், பூட்ஸ் மாறியதற்குக் காரணம் கழற்றியது. நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

பழைய சிக்னல்காரன்:
ஒப்புக்கொள்ளவில்லை. மாற்றிப் போட்டது தப்பு. அதற்கு ஏழு நாள் எக்ஸ்ட்ரா கார்டு, அதாவது கூடுதல் காவல் வேலை, கொடுத்தார்கள், வாய் திறக்காமல் செய்தேன். கழற்றியது தப்பு என்று எந்த ஆபீசரும் சொல்லவில்லை. கழற்றினதுக்காகத் தண்டனை வரவில்லை. இந்த வித்தியாசம் புரிகிற ஒருவர்கூட இங்கே இல்லையா?

விருகம்பாக்கம் வாசு:
கழற்றாமல் இருந்திருந்தால் அந்த ஏழு நாளும் இல்லையே சார்.

பழைய சிக்னல்காரன்:
நீ முதலில் "தூக்கத்துக்குச் சம்பளம்" என்று எழுதினதைத் திரும்ப எடு. அப்புறம் பூட்ஸைப் பேசலாம்.

விருகம்பாக்கம் வாசு:
திரும்ப எடுக்க என்ன இருக்கிறது? சாய்ந்தேன் என்று நீங்கள்தான் எழுதினீர்கள்.

மதராசி மகள்:
அப்பாவிடம் போன் செய்து கேட்டேன். ஈரமாக இருந்தால் ஒரு காலைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுத்தான் அடுத்த காலைக் கழற்றுவார்களாம். இரண்டையும் சேர்த்துக் கழற்றினதே கிடையாதாம்.

பழைய சிக்னல்காரன்:
அப்படியானால் கழற்றினார்கள்! பதினொரு நாள் கழற்றவே இல்லை என்று மேலே யார் எழுதியது?

மதராசி மகள்:
என் அப்பாவைப் பொய்யர் என்கிறீர்களா?