மறு: பாலர் பள்ளி வண்டி வசூல் – அந்த ஆறு கொக்கிகள்

வடக்குவீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊர்ப் பாலர் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவர வண்டி வாங்க வசூல் என்றதும் ஆளாளுக்குத் தொகையை எழுதிவிட்டீர்கள். சித்தி பள்ளியை நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். பை மாட்டும் கொக்கிகள் 30. ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம், ஒரு பெயர். அவர் போன மூன்று நாளும் அதே ஆறு கொக்கிகள் காலி. ஏன் என்று கேட்டதற்கு, "வருகை சராசரி 85 சதவீதம், நல்லாத்தானே இருக்கு" என்று பதில் வந்திருக்கிறது.

சராசரி பொய் சொல்லவில்லை. 24 பிள்ளைகள் ஒரு நாள் விடாமல் வந்து, 6 பிள்ளைகள் நாலு நாளைக்கு ஒரு நாள் தலைகாட்டினாலும் 85தான். 30 பேரும் 20 நாளில் ஆளுக்கு 3 நாள் மட்டம் போட்டாலும் 85தான். முதலாவது என்றால் ஆறு வீட்டுப் படி ஏற வேண்டும். இரண்டாவது என்றால் பள்ளிக்குள்ளேயே ஏதோ சரியில்லை. அமெரிக்காவில் ஹெட் ஸ்டார்ட் என்று, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான அரசுப் பாலர் கல்வித் திட்டம் இருக்கிறது. அதன் விதிகளிலும் இந்த 85 உண்டு. அங்கே அது பாராட்டு மதிப்பெண் இல்லை. மாதச் சராசரி அதற்குக் கீழே இறங்கினால் காரணத்தை ஆராய்ந்தே ஆக வேண்டும் என்ற எல்லை. பிள்ளைவாரியாகப் பார்க்க வேறு அளவுகோல் இருக்கிறது: நடந்த நாட்களில் 10 சதவீதம் வராத பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 20 நாள் மாதத்தில் அது இரண்டே நாள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஒரு தாள். இடப்பக்கம் பெயர், மேலே தேதி. வராத நாளுக்கு மட்டும் கட்டத்தில் ஓர் எழுத்து: நோய் என்றால் நோ, கொண்டுவிட ஆளில்லை என்றால் ஆ, போக்குவரத்து என்றால் போ, அழுது அடம்பிடித்தால் அ, வெளியூர் என்றால் வெ. தெரியாவிட்டால் கேள்விக்குறி. காலையில் தொடங்கி அரை மணிக்குள் குறித்துவிட வேண்டும். சாயங்காலம் ஞாபகத்திலிருந்து போட்டால் எல்லாரும் வந்ததாகத்தான் இருக்கும். பள்ளியை விட்டே போய்விட்ட பிள்ளைகளின் பெயரை அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் வராதவர் கணக்கு வீணாக ஏறும். மாதக் கடைசியில் கேள்விக்குறிகளை எண்ணுங்கள். அவை யாருமே விசாரிக்காத நாட்கள்.

நாலு வாரம் கழித்துத் தாளில் 'போ' மிகுந்திருந்தால் வண்டி வாங்குவோம்.

பொருளாளர் எழுதியது:

தங்கச்சி, தாள் சரி. வண்டிக்கென்று வந்த பணம் வண்டிக் கணக்கில்தான் நிற்கும். வேறு தலைப்புக்கு மாற்றப் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். முன்பு மோட்டார் வாங்கிய விவகாரத்தில் ரசீது இல்லாமல் நான் பட்டது போதும். வண்டி என்றால் சொத்து. பதிவுச் சான்று உண்டு, காப்பீடு உண்டு. நீ அடுத்து யாருக்கோ சம்பளம் கேட்கப் போகிறாய் என்று தெரிகிறது. வராத நாளுக்குப் பெற்றோருக்கு அபராதம் போட்டால் செலவே இல்லாமல் முடியும்.

தெற்குவீடு எழுதியது:

அபராதமா? நம்ம பிள்ளைகளுக்கா? ஒரு நாளும் தவறாமல் வருகிற பிள்ளைக்குக் கேடயம் கொடுங்கள், அப்பா பெயரில் நானே தருகிறேன். எங்கள் காலத்தில் தண்டவாளத் துண்டைத் தட்டினால் போதும், தெருவே எழுந்து ஓடும். யாரும் எழுத்துப் போட்டு எண்ணவில்லை. ஊர் மானத்தை இப்படியா பொதுமடலில் விரிப்பது? சித்திக்கு எண்ணுகிற வழக்கம் உண்டு. நாங்கள் வீடு கட்டியபோது ஜன்னலை எண்ணினார்.

வடக்குவீடு எழுதியது:

அண்ணா, அபராதம் பற்றி. இஸ்ரேலின் ஹைஃபாவில் 10 பகல்நேரக் காப்பகங்களை வைத்துச் செய்த ஆய்வு 2000-இல் வெளியானது. பிள்ளையைத் தாமதமாக அழைத்துப் போகும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. அபராதத்தை நீக்கிய பிறகும் இறங்கவில்லை. காசு கட்டியாகிவிட்டது என்றதும் கூச்சம் போய்விடுகிறது. வராத நாளுக்கும் இதே கதி வரலாம்.

மாமா, கேடயம் கொடுத்தால் காய்ச்சலோடு பிள்ளையை அனுப்புவார்கள். ஒன்று இருமினால் அந்த வாரமே வரிசை காலி. முதல் மாதத்திலேயே ஒரு நாள் தவறிய பிள்ளைக்கோ கேடயம் போனது போனதுதான். சிகாகோ அரசுப் பள்ளிகளின் பாலர் வகுப்புகளில் 2011-12 கல்வியாண்டைப் பார்த்தபோது, மூன்று வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் 10 சதவீதமோ அதற்கு மேலோ தவறியிருந்தார்கள். தவறிய நாட்களில் பாதிக்கு மேல் நோயால். அதனால் கேடயத்துக்குப் பதில் பெற்றோர் கையில் ஒரு பக்கத் தாள் கொடுக்கலாம்: காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் வீட்டில் வையுங்கள், மருந்தில்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆனதும் அனுப்புங்கள், மூக்கு மட்டும் ஒழுகுகிறது, பிள்ளை ஓடி விளையாடுகிறது என்றால் அனுப்பலாம். உள்ளே வந்ததும், சாப்பிடும் முன்பும், கழிப்பறை போய் வந்ததும் சோப்பு போட்டு 20 நொடி கை கழுவ வேண்டும். குழாய் எட்டாவிட்டால் விரல்நுனியை நனைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஒரு படிக்கட்டை வைத்தால் தீர்ந்தது.

'அ' நிறைய விழுந்தால் சேர்க்கும் முறையில் கோளாறு. முதல் நாட்களில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள், பிறகுதான் முழு நாள். வாசலில் வாங்கிக்கொள்பவர் தினமும் ஒரே ஆள். அம்மா கண்மறைவாக நழுவக் கூடாது. சொல்லிவிட்டுச் சட்டென்று கிளம்ப வேண்டும். அழுகிறதே என்று நடுவில் இரண்டு நாள் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து.

அண்ணா, இனி நீங்கள் பயந்த சம்பளம். சொல்லாமல் வராத பிள்ளை வீட்டுக்கு, பள்ளி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் பேசிவிட வேண்டும். ஹெட் ஸ்டார்ட்டிலும், தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் பெற்றோர் சொல்லாவிட்டால் பள்ளியே அவர்களைத் தொடர்புகொள்ள முயல வேண்டும் என்று விதி. அந்த நேரத்தில் டீச்சர் மீதிப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார், அவரால் முடியாது. தினம் ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஆள் வேண்டும், கைப்பேசிக் கட்டணமும் வேண்டும். எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். "ஏன் அனுப்பலை?" என்று தொடங்கினால் அடுத்த நாள் எடுக்கமாட்டார்கள். "இன்னிக்குப் பிள்ளையைக் காணோமே, உடம்பு சுகந்தானே?" என்றால் காரணம் தானாக வரும். இரண்டு நாள் தொடர்ந்து தகவல் இல்லையென்றால் நேரில் போக வேண்டும்.

'ஆ' விழும் வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வண்டியே வேண்டாம், நடத்தியே கூட்டிவரலாம். பெரியவர் இரண்டு பேர், ஆளுக்கு நாலு பிள்ளைகள், பிள்ளைகள் பிடித்துக்கொள்ள முடிச்சுப் போட்ட ஒரு கயிறு, நிற்குமிடமும் நேரமும் மாறாமல். மாற்றாள் பெயரை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். வண்டியில் ஓட்டுநர் ஒருவர் படுத்தால் ஏறுகிற அத்தனை பிள்ளைகளும் அன்று வீட்டில்தான்.

பொருளாளர் எழுதியது:

அழைப்புக் குறிப்பேட்டைச் செலவுச் சீட்டாக ஏற்றுக்கொள்கிறேன். அழைத்த நேரம், எடுத்தவர் யார், கிடைத்த காரணம் என்று மூன்று கட்டம், கீழே டீச்சர் கையெழுத்து. கேள்விக்குறி குறையாத மாதத்துக்கு அடுத்த தவணை கிடையாது. வண்டிப் பணத்தைத் தொடமாட்டேன், இதற்குத் தனி வசூல். தெற்குவீட்டு மாமா, கேடயத்துக்கு ஒதுக்கிய தொகையை இதற்கே அனுப்பலாம். மோட்டார் ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள்.